முன்வரிசையில் மூன்றாவது இடம்

காலையில் சரிபார்த்தபோது வலைத்தளத்தில் முப்பத்தேழு லிங்க் அறுந்திருந்தன. மூன்று மணிக்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு மறுபடி சரிபார்த்தான். முப்பத்தெட்டாவதாகப் புதிதாக ஒன்று வந்து நின்றது.

அலுவலகத்தில் அவனுக்குப் 'பஞ்சர்' என்று பெயர். மற்றவர்கள் புதுப்புது வலைத்தளங்களைக் கட்டுவார்கள். அவன் பழசில் எங்கே ஓட்டை என்று பார்த்து ஒட்டுப்போடுவான். கிளிக் செய்தால் 'பக்கம் இல்லை' என்று வருகிறதா, அந்தப் பக்கம் எங்கே போனது என்று தேடிப்பிடித்துச் சரியான முகவரியைக் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் லிங்க்கையே எடுத்துவிட வேண்டும். மகள் போன பிறகு அந்த வேலை அவனுக்குத் தோதாக இருந்தது. எதையும் யோசிக்க வேண்டாம்.

இன்றைக்கு வந்தது அவள் படித்த பள்ளிக்கூடத்தின் தளம். ஒன்பது நாள் காய்ச்சல், நாலாம் வகுப்போடு எல்லாம் முடிந்துபோனது. மேலாளர் போனில் தயங்கித் தயங்கித்தான் கேட்டார், "இத வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?"

"பரவாயில்ல சார்."

நிஜமாகவே பரவாயில்லைதான். ஒரு வருஷமாக எது நடந்தாலும் வேறு யாருக்கோ நடப்பதுபோலத்தான் இருந்தது. வீட்டில் மனைவியும் அப்படியே. சோறு வைப்பாள், எடுப்பாள், பேசமாட்டாள்.

முப்பத்தெட்டாவது லிங்க்கில் 'ஐந்தாம் வகுப்பு, குழுப் படம்' என்றிருந்தது.

சனிக்கிழமை என்பதால் அந்த மாடியில் அவனைத் தவிர யாரும் இல்லை. ஏசியின் முனகலும், கைகழுவும் இடத்தில் யாரோ சரியாக மூடாமல் போன குழாயின் சொட்டும், ஈரம் காயாத கம்பளத்தின் வாடையும், வெளியே அடிக்கிற வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாம்பல் வெளிச்சமும் சேர்ந்து, அறை முழுக்கத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. தேடினான். பக்கம் வேறொரு கோப்புறையில் மாட்டிக்கொண்டிருந்தது. முகவரியைச் சரிசெய்து, கிளிக் செய்தான்.

படம் மேலிருந்து கீழாக மெல்லத் திறந்தது. முதலில் வேப்பமரம், அப்புறம் பின்வரிசைப் பிள்ளைகள், அப்புறம் டீச்சரின் தோள். கடைசியாக முன்வரிசை.

மூன்றாவதாக அவள் நின்றாள்.

இந்த வருஷம்தான் வந்த பழுப்புச் சீருடை. அவள் போட்டே பார்க்காதது. ஆஸ்பத்திரியில் ஒட்ட வெட்டிய முடி. ஒரு வருஷ வளர்த்தி. எல்லாப் பிள்ளைகளும் பளபளவென்று ஷூ போட்டிருந்தார்கள். அவள் வெறுங்காலோடு நின்றாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. விரல்நுனிகள் மட்டும் குளிர்ந்தன.

பள்ளிக்கூடத்து கிளார்க்குக்குப் போன் போட்டான்.

"அஞ்சாங்கிளாஸ் குரூப் போட்டோ எப்ப சார் எடுத்தீங்க?"

"முந்தாநேத்துதான் சார். ஏன், ஏதாவது தப்பா?"

"முன்வரிசையில மூணாவதா நிக்கிறது யாரு?"

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம். "பிரின்ட் கையிலதான் இருக்கு. மூணாவது இடம் காலியா இருக்கே சார். டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாங்களாம், பசங்க நெருங்கி நிக்கவே மாட்டேன்னுட்டாங்களாம்."

போனை வைத்தான். உடனே அது அடித்தது. வீட்டிலிருந்து.

"ஏங்க." மனைவியின் குரல். மூச்சிரைத்தது. "நம்ம குட்டி வந்துட்டா."

அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"கதவத் தட்டுனா. திறந்தேன். பசிக்குதுங்கறா. கால் ஐஸ் மாதிரி இருக்குங்க, துணி சுத்தி விட்டிருக்கேன். நீங்க வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க, நிறைய சாப்பிடறா." அவள் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம்.

திரையைப் பார்த்தான். மூன்றாவது இடம் காலி.

அவள் வர வழியை ஒட்டிவிட்டது அவன்தான். லிங்க்கை எடுத்துவிட ஒரே ஒரு பொத்தான். மவுஸின் அம்பை அதன்மேல் கொண்டுபோய் வைத்தான். போனில் சாப்பாட்டுத் தட்டின் சத்தம். மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "மெதுவாடி, மெதுவா... எல்லாம் உனக்குத்தான்."

அவனால் முடியவில்லை. கையை எடுத்துவிட்டான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னாச்சு?" என்றான். "ஏய். என்னாச்சு?"

மெல்லும் சத்தம் மட்டும். நிதானமாக.

பொத்தானை அழுத்தினான். லிங்க் போகவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி.

"அப்பா."

அதே குரல்தான். அதே கீச்சுக்குரல்.

"அம்மா எங்கடா?"

"நிக்கிறாங்கப்பா."

"எங்க?"

மெல்லும் சத்தம்.

பக்கத்தைப் புதுப்பித்தான். வேப்பமரம். பின்வரிசை. டீச்சரின் தோள். மெல்ல, மெல்ல.

முன்வரிசை.

வீட்டில் கட்டுகிற பழைய சேலை. கையில் கரண்டி. வெறுங்கால். பிள்ளைகளுக்கு நடுவே, மூன்றாவது இடத்தில், நேராக அவனையே பார்த்தபடி அவன் மனைவி நின்றாள். வாய் சிரிக்கிற மாதிரியே திறந்திருந்தது.

"எனக்கு இன்னும் பசிக்குது" என்றது போன். "நீங்க எப்பப்பா வருவீங்க?"

அவள் பக்கத்தில், சரியாக ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு, பிள்ளைகள் தள்ளி நின்று இடம் விட்டிருந்தார்கள்.