பொட்டு வைத்த பெட்டி

தூண்டில் கனத்தது.

"யா அல்லா... பெரிய தோமான் மீனு போல!"

அபுபக்கருக்கு ஒரே குஷி. அசாம் ஜாவா ஊரில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர். கடைக்கு லீவு விட்டால் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் இருக்கும் பழைய ஈயக்குட்டைக்கு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய இடத்துக்கு, தூண்டிலோடு கிளம்பிவிடுவார்.

இழுத்தார். இன்னும் கொஞ்சம் இழுத்தார்.

முதலில் வந்தது ஒரு சப்பாத்து.

சப்பாத்துக்குள் கால் இருந்தது!

அவர் போட்ட அலறலில் கரையோரச் செம்பனைகளில் இருந்த கொக்குகள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்தன. குட்டை மட்டும் அசையாமல் கிடந்தது. இன்னும் எதையோ அடியில் ஒளித்து வைத்திருப்பது போல...

செத்தவன் பெயர் தனபாலன். பக்கத்துத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் மிஷின் ஓட்டுகிறவன். பின்மண்டையில் ஒரே அடி. கொலை!

மறுநாள் போலீஸ் ஓர் ஆளைப் பிடித்தும்விட்டது.

தனபாலனின் மனைவி அன்பரசியை!

தோட்டத்து லயத்தில் ரகசியம் பேச முடியாது. இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் குரல் கொடுப்பார்கள். பிணம் கிடைத்ததற்கு முந்தின நாள் காலையில் அவள் புருஷனைப் பார்த்துக் கத்தியதை வரிசையே கேட்டிருந்தது.

"'அந்தக் கேசட்டோட சேத்து உன்னையும் ஈயக்குட்டையில தள்ளுறேன்'... சொன்னீங்களா, இல்லையா?"

கேட்டவர் இன்ஸ்பெக்டர் ஷஃபீகா. சத்தம் போட்டுக் கேட்கிற பழக்கம் இல்லாதவர். அதனாலேயே எதிரில் உட்கார்ந்தவர்களுக்கு வியர்க்கும்.

"சொன்னேன் புவான்."

"மறுநாள் காலையில அவரு குட்டையில கெடந்தாரு."

"கோவத்துல சொல்றதையெல்லாம் பொம்பளைங்க செஞ்சா, எங்க லயத்துல ஒரு ஆம்பள மிஞ்ச மாட்டான் புவான்!"

மூலையில் நின்ற சார்ஜன் புனிதன் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"என்ன கேசட் அது?"

"வீடியோ கேம் கேசட். சின்னப் புள்ளயில அவங்கப்பா வாங்கிக் குடுத்தது. அட்டப்பெட்டியோட டீவி பக்கத்துலயே கெடக்கும். அது இப்ப ரேர், பெரிய வெலைக்குப் போகும்னு எவனோ சொல்லிட்டான். அதுலேர்ந்து அவரு மனுசனாவே இல்ல. பெட்டியக் கெடுத்திட்ட, வெலையக் கெடுத்திட்டன்னு தெனம் சண்ட..."

"கேசட் எங்க?"

"காணோம் புவான். அன்னைக்கிக் காலையில வேலைக்கிப் போறப்ப பையில போட்டுக்கிட்டுப் போனாரு..."

அவள் குரல் உடைந்தது.

"நாளைக்கி என்னைக் கோர்ட்டுல நிறுத்தப் போறீங்களாமே? எம்பொண்ணுக்கு அப்பன் போயிட்டான். ஆத்தாளையும் பிடுங்கிறாதீங்க புவான்!"

எல்லாம் அவளுக்கு எதிராகவே இருந்தது.

புனிதன் குனிந்து காதில் சொன்னார்.

"புவான்... தனபாலன் கடைசியாப் பேசுனது ரவாங்ல ஒரு கடைக்கு. பழைய கேம் வாங்கி விக்கிற கடை."

"காடிய எடுங்க சார்ஜன்."

ரவாங். ஒரு மாடிக் கடை.

உள்ளே நுழைந்ததும் குளிர் எலும்பைத் தொட்டது. ஜன்னல்களில் கறுப்புத் திரை. வெயில் ஒரு கீற்றுக்கூட உள்ளே வரவில்லை. சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரிகள். அவற்றுக்குள் விளையாட ஆளில்லாத விளையாட்டுகள் வரிசை வரிசையாக...

பிணவறை மாதிரி இருந்தது.

"வாங்க மேடம்!"

கடைக்காரன் குகன். கையில் வெள்ளைக் கையுறை. முகத்தில் தேன் வழிகிற சிரிப்பு.

"புள்ளைங்க வெளையாடுற சாமானுக்கு ஏன் இவ்ளோ வெலை குகன்?" ஷஃபீகா கேட்டார்.

"எல்லாத்துக்கும் வெலை இல்ல மேடம். சக்கைப்போடு போட்ட கேம் இன்னைக்கும் பசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, மலிவாக் கெடைக்கும். அப்ப யாருமே சீண்டாத கேமுக்குத்தான் இப்ப வெலை!"

"புரியலையே?"

"ஓடாத கேமக் கம்பெனி கொஞ்சமாதான் விக்கும். வித்ததைப் புள்ளைங்க ஒடைக்கும். பெட்டிய அம்மாமாருங்க குப்பையில போடுவாங்க. அந்தப் புள்ளைங்க வளந்து, பெரிய சம்பளம் வாங்கி, 'எங்க என் கேமு?'ன்னு தேடிக்கிட்டு வருவாங்க. அப்ப அது எங்க இருக்கும்?"

"உங்க அலமாரியில."

குகன் ரசித்துச் சிரித்தான்.

"தனபாலன்கிட்ட இருந்தது?"

"'பெராங் பூலான்', மேடம்! நிலாவுல நடக்கிற சண்ட. கோலாலம்பூர்ல ஒரு குட்டிக் கம்பெனி செஞ்சது. கேமு வந்த வருசமே கம்பெனி திவால்!"

"மீதிச் சரக்கு?"

"எங்க போச்சுன்னு எவனுக்கும் தெரியாது. எரிச்சிருப்பாங்க. எரிச்சது நல்லதுதான். வெறும் கேசட்டா இருந்தா பழைய மோட்டார்சைக்கிள் ஒன்னு வாங்கலாம். பெட்டியோட இருந்தா... வீடே வாங்கலாம்!"

"தனபாலன் பெட்டியோடதான் வச்சிருந்தாரு. உங்களுக்கு ஃபோனும் பண்ணியிருக்காரு."

"பண்ணாரு. கொண்டாந்து காட்டுங்கன்னேன். ஆளு வரவே இல்ல. பாவம்..."

"அந்தப் பெட்டியக் காணோம்."

"அடடா! அப்ப ஒலகத்துலயே பெட்டியோட இருக்கிறது என்னோடது ஒன்னுதான்!"

'அடடா'வில் துக்கம் கொஞ்சம். மீதி எல்லாம் சந்தோஷம்.

நடு அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் அது இருந்தது. அட்டைப்பெட்டி. நீல வானம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அந்த வெளுப்பின் நடுவே மூன்று வட்டங்கள் மட்டும் பளிச்சென்று கருநீலமாக... நடுவில் பெரிது. இரு பக்கமும் சிறிது.

"இது என்ன வட்டம்?"

"அச்சுப் பிழை மேடம்! கண்ணுல ஒத்திக்கணும். பிழை இருந்தா இன்னும் ரேர். 'மூணு நிலாப் பெட்டி'ன்னு விளம்பரமே போட்டுட்டேன். சனிக்கிழமை ஏலம். ஜப்பான்லேர்ந்து கேக்கிறாங்க!"

"எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தாராளமா!"

பெருமை பிடித்தவன் போட்டோவுக்கு மறுப்புச் சொல்வதில்லை. குகனும் சொல்லவில்லை.

ஷஃபீகா தன் கைத்தொலைபேசியை அன்பரசியின் முன்னால் வைத்தார்.

"உங்க வீட்டுப் பெட்டி இந்த மாதிரிதான் இருக்குமா?"

அன்பரசி பார்த்தாள்.

சிரித்தாள்!

புனிதன் பயந்துவிட்டார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

"இந்த மாதிரி இல்ல புவான்... இதேதான்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"நான் வச்ச பொட்டு புவான் இது! எங்க வீட்டுல ஆயுத பூஜைக்கி டீவி, காத்தாடி, அவரு மோட்டாரு, சோத்துப் பானை... ஒன்னு விடாமப் பொட்டு வைப்பேன். டீவி பக்கத்துல கெடந்ததால இதுக்கும் வச்சேன். கட்டிக்கிட்டு வந்த வருசத்துலேர்ந்து, பழைய பொட்டு மேலயே புதுப் பொட்டு!"

மோதிர விரலைப் படத்தின் மேல் வைத்துக் காட்டினாள்.

"நடுவுல பெருசு. ரெண்டு பக்கமும் சின்னது. சந்தனம், குங்குமம் இருந்த எடத்துல வெயில் படல. அங்க மட்டும் சாயம் வெளுக்கல. பொட்டு வச்சுப் பெட்டியக் கெடுத்திட்டேன்னுதான் அவரு சண்ட போட்டாரு. எவனோ அதைத் தொடச்சிட்டு நிலாங்கிறான்!"

ஷஃபீகா புனிதனைப் பார்த்தார்.

"சார்ஜன்... நீங்களாச்சும் கண்டுபிடிச்சிருக்கலாமே?"

"நான் ஞாயித்துக்கெழமையானா சர்ச்சுக்குப் போற ஆளு புவான். எனக்கும் நிலாவாதான் தெரிஞ்சிச்சி."

அன்பரசியின் கைத்தொலைபேசியில் போன வருட ஆயுத பூஜைப் படம் இருந்தது. டீவிக்குப் பக்கத்தில் பெட்டி. பெட்டியில் மூன்று பொட்டு. குகன் கடையில் பறிமுதல் செய்த பெட்டியைக் கெமிஸ்ட்ரி ஆபீசில் சுரண்டிப் பார்த்தார்கள். அட்டைக்குள் சந்தனம் ஊறிக் கிடந்தது.

குகனைப் பிடித்து வந்து அந்த முடிவைக் காட்டியதும் அவனுடைய தேன் சிரிப்பு வற்றிப்போனது.

"என்கிட்ட கேசட் இருந்திச்சி, பெட்டி இல்ல. பொட்டுக் கறைக்கி வெலையக் கொறச்சிக் கேட்டேன். ஆலைப் பக்கத்துலயே பேசலாம்னு குட்டைக்கி வரச்சொன்னேன். குடுக்க மாட்டேன்னுட்டான். கல்லால அடிச்சேன். பெட்டிய எடுத்துக்கிட்டு, அவன் கேசட்ட அவனோட சேத்துத் தண்ணியில வீசிட்டேன்."

"கேசட்ட ஏன் வீசுன?"

"ரெண்டு இருந்தா வெலை பாதியாயிடும் மேடம். ஒன்னுதான் இருக்கணும்!"

அவன் குரலில் கொலை செய்த பயம் இல்லை. கணக்குச் சொல்கிற தெளிவுதான் இருந்தது.

மறுபடியும் ஈயக்குட்டை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கேசட் சாட்சிப் பொருள். அதைத் தேடி முங்குகாரர்கள் தண்ணீருக்குள் இறங்கினார்கள். கரையில் விலங்கோடு குகன். தள்ளி, விடுதலையான அன்பரசி. கண்ணெடுக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு தலை மேலே வந்தது.

"புவான்! கேசட் கெடைக்கல... வேற என்னமோ இருக்கு!"

கயிறு கட்டி இழுத்தார்கள். பாசி பிடித்த நீல பிளாஸ்டிக் டிரம். சங்கிலியில் கல் கட்டி, மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

புனிதன் மூடியை நெம்பினார்.

உள்ளே ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

நீல வானம். நிலா. பளபளவென்று, பிரிக்காத பெட்டிகள். அடுக்கடுக்காக!

பெராங் பூலான்!

கடன்காரர்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த சரக்கு. திவாலான கம்பெனி திரும்பி வரவே இல்லை. இத்தனை வருடமும் குட்டை பத்திரமாக வைத்திருந்தது. குகன் மட்டும் இங்கே பிணத்தைப் போடாமல் இருந்திருந்தால் இன்னும் வைத்திருக்கும்!

"மூடுங்க!" குகன் அலறினான். "மேடம், தண்ணியிலயே போட்டுருங்க! ஒன்னுதான் இருக்கணும்!"

"இன்னும் அடியில நெறைய டிரம் கெடக்கு புவான்!" தண்ணீரிலிருந்து குரல் வந்தது.

அன்பரசி நடந்து வந்தாள். ஒரு பெட்டியை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். குகனின் முகத்தில் விட்டெறிந்தாள்.

"இந்தக் குப்பைக்காடா எம்புருசனக் கொன்ன?"

குகன் முழங்காலிட்டுச் சரிந்தான். அழுதான். தனபாலனுக்காக அல்ல.

"சொல்லுங்க குகன்," என்றார் ஷஃபீகா. "இப்ப இதுக்கு வெலை என்ன?"

புனிதன்தான் தொப்பியைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னார்.

"பசார் மாலாம் வெலைதான் புவான்... மூணு வாங்கினா ஒரு கைவிலங்கு இலவசம் லா!"