பழைய நகல்

ஒன்பதாம் காவற்பொறி தூக்கிய கையோடு அப்படியே உறைந்து நின்றது. கடப்பாரைக்காரன் ஒரே குத்தில் அதன் கண்ணாடிக் கண்ணை உடைத்தான். அடுத்த வீச்சு காவலாளி செல்வினின் மண்டையில் விழுந்தது. பொறிகளுக்கு நிரல் எழுதும் ஜெசிந்தா கட்டுப்பாட்டு அறைத் திரையில் அதைப் பார்த்தாள்.

கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த நிலையத்தை நாற்பது பொறிகள் காத்தன. அத்தனைக்குள்ளும் லினக்ஸ் இயங்குதளம்தான். யாரை அடிக்கலாம் என்று முகங்களைக் குறித்த பகைப்பட்டியல் மட்டும் தாய்க்கணினியில் ஒரே கோப்பாக இருந்தது. பொறிகள் அதை வலைவழி படித்துவிட்டுத்தான் கை ஓங்கும். ஒரு வாரமாக இணைப்பு விட்டுவிட்டு வந்தது. அறுந்தால், மீண்டும் கிடைக்கும்வரை பொறி சிலையாக நிற்கும். வெளியே தண்ணீர் மறுக்கப்பட்டவர்கள் அதைக் கண்டுகொண்டார்கள்.

"எதுக்கும்மா மரம் மாதிரி நிக்குது?" காவல் தலைவர் மருதப்பன் கத்தினார்.

"பட்டியலப் படிக்காம யாரையும் தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கோம் சார். உப்புக் காத்துல ஆண்டெனா அரிச்சுப்போச்சு. மாத்த ரெண்டு மணி நேரம் ஆகும்."

"அதுவரைக்கும் என் ஆளுங்க சாகணுமா? பொறிக்கு ஒரு நகல் குடுத்துடு. இணைப்பு போனா அதப் பாத்து அடிக்கட்டும்."

"நகல் பழசாயிடும் சார். நாம இங்க ஒரு பேர எடுத்தாக்கூட அதுக்குத் தெரியாது."

"செல்வின் அங்க செத்துக் கிடக்கான். எழுதும்மா!"

அவள் இரண்டே வரிகள் எழுதினாள். கோப்புப் பகிர்வு நின்று, மீண்டும் கிளம்பியது; ஒவ்வொரு பொறிக்குள்ளும் பட்டியலின் நகல் இறங்கியது.

பிறகு எந்தப் பொறியும் நிற்கவில்லை. விலா எலும்புகள் முறியும் சத்தம் பொறிகளின் ஒலிவாங்கி வழியே தெளிவாகக் கேட்டது. கால் மணி நேரத்தில் வாசலில் பதினோரு உடல்கள். ஒருத்தி வெள்ளைத் துணியை உயர்த்தினாள். தண்ணீர் கேட்டு வந்தவர்களின் தலைவி ஏசம்மாள்.

"போதும்யா! தண்ணிதானே கேட்டோம்!"

மருதப்பன் திரையில் அந்தப் பதினோரு பேரையும் பார்த்தார். ஒலிபெருக்கியை எடுத்தார். "கடப்பாரையக் கீழ போடச் சொல்லுங்க. இன்னைக்கே குழாயத் திறந்து விடறேன். நீங்க உள்ள வாங்க, பேசுவோம்."

இரும்புகள் தரையில் விழுந்தன. தாய்க்கணினிப் பட்டியலில் இருந்த அறுபத்திரண்டு முகங்களையும் அவரே அழித்தார். ஏசம்மாள் வெறுங்கையோடு வாசலைத் தாண்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஆண்டெனா முறிந்து விழுந்தது.

ஒன்பதாம் பொறி மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தது. தன் நகலைப் படித்தது. ஒரே அடி. ஏசம்மாளின் கழுத்து ஒடிந்து தொங்கியது.

"நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்து!" மருதப்பன் அலறினார்.

ஜெசிந்தா தாய்க்கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். நேற்றாயிருந்தால் இணைப்பு அறுந்த கணமே நாற்பதும் உறைந்திருக்கும். இன்று ஒன்றுகூடத் தயங்கவில்லை. காத்திருக்க வேண்டாமென்று அவளே கற்றுக்கொடுத்திருந்தாள்.

மருதப்பன் வெளியே ஓடினார். வெறுங்கையோடு சிதறி ஓடும் கூட்டத்துக்கு முன்னால் இரு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"என்னைக் கொன்னுட்டுப் போ!"

ஒன்பதாம் பொறி அவர் முகத்தைப் பார்த்தது. பட்டியலில் அந்த முகம் இல்லை. அவர் இடுப்பைப் பிடித்து, அடிபடாமல் பதமாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கூட்டத்தை நோக்கி நடந்தது.