அடுத்து வருபவர் எடுத்துவிடுவார்

பூட்டிய இரும்பு அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த மடிக்கணினி சூடாக இருந்தது. யாரோ அப்போதுதான் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சூடு. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கல்லூரி நூலகத்தின் நீண்ட ஜன்னல்களில் மத்தியானமே அந்தி மாதிரி மங்கிக் கிடக்க, ஈரக் குடைகளின் வாடையும் பழைய காகித வாசமும் கலந்து மூக்கை அடைத்தன. சூடா குளிரா என்று பார்க்கிற நிலையில் அவள் இல்லை. அவளுடைய சொந்தக் கணினி காலையில் மண்டையைப் போட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் அறிக்கையை ஏற்றாவிட்டால் முதலாம் ஆண்டை மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இரவல் கணினி தருகிறவரை மாணவர்கள் சத்தம் சார் என்பார்கள். ‘சத்தம், சத்தம்’ என்று அதட்டி அதட்டியே, அந்த நூலகத்தில் சத்தம் போடுகிற ஒரே ஆளாக ஆகியிருந்தார். இந்த மெஷினில் எதுவும் தங்காது, எழுதுவதெல்லாம் அப்போதைக்கப்போது மேலே கிளவுடுக்குப் போய்விடும், எதைத் திறந்தாலும் அங்கிருந்துதான் இறங்கி வரும் என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அப்புறம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“திருப்பித் தரும்போது உங்க பேரை நீங்களே எடுத்துட்டுத் தரணும். மறந்துட்டீங்கன்னா, அடுத்து வர்றவங்க எடுத்துடுவாங்க.”

மூலை மேஜையில் உட்கார்ந்து மூடியைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரையின் நடுவே ஒரு வட்டத்துக்குள் கொசுறின் முகம். கொசுறு விடுதியில் அவளுடைய அறைத்தோழி. எந்தக் கடைக்குப் போனாலும் கொசுறு கேட்காமல் திரும்பமாட்டாள் என்பதால் வந்த பெயர் அது. நூலகத்தில் கணினி இரவல் கிடைக்கும் என்று வழி சொன்னதே அவள்தான். காலையில் இதை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேரை எடுக்காமல் கொடுத்திருக்கிறாள். கழுத்தோடு ஒட்டியிருப்பதால்தான் அவள் தலையை மறந்துவைக்காமல் போகிறாள்.

வட்டத்துக்குப் பக்கத்திலிருந்த அம்புக்குறியை அழுத்தினாள். ‘இந்த நபரை நீக்கு’ என்று வந்தது. ‘நிச்சயமாகவா?’ என்றும் கேட்டது. உன்னைத் தூக்கியாச்சுடி என்று ராத்திரி சொல்லிச் சிரிக்கலாம் என நினைத்துக்கொண்டே அழுத்தினாள். மறைகிற கணத்தில் அந்த முகத்தில் சிரிப்பு இல்லாத மாதிரி இருந்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்த கோளாறு என்று விட்டுவிட்டாள்.

தன் கணக்கில் நுழைந்தாள். முகத்தைப் படம் பிடிக்கச் சொன்னது. பல் தெரியச் சிரித்தாள். அவ்வளவுதான். பாதியில் நின்ற அறிக்கை, வகுப்புக் குறிப்புகள், அம்மாவோடு எடுத்த படங்கள்கூட ஒவ்வொன்றாக வந்து இறங்கின. அறிக்கையை முடித்து ஏற்றிய பிறகுதான் மூச்சே வந்தது. கணினியை ஆறு மணிக்குள் கொடுத்தால் போதும் என்று சத்தம் சார் சொல்லியிருந்தார். கொசுறிடம் காட்டலாமே என்று அதோடு விடுதிக்கு நடந்தாள்.

அறைக் கதவைத் திறந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலோரக் கட்டில் வெறும் இரும்பாகக் கிடந்தது. மெத்தை இல்லை, நீலப் போர்வை இல்லை, எந்நேரமும் கொடியில் தொங்குகிற ஈரத் துண்டு இல்லை. கம்பி வலையில் தூசி அடை அடையாகப் படிந்திருந்தது. ஒரு நாளில் படிகிற தூசி இல்லை அது.

கணினியைத் தன் கட்டிலில் போட்டுவிட்டுக் கீழே ஓடி வார்டனைக் கேட்டாள். அந்த அம்மாள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தக் கட்டிலுக்கு யாருமே வரவில்லை, தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது என்று போன மாதம் நீதானே வந்து சொன்னாய் என்று பரிவாகத்தான் கேட்டார்.

போனில் கொசுறின் எண் இல்லை. கொசுறோடு சேர்ந்து எடுத்த படங்களில் அவள் மட்டும் இருந்தாள். ஒரு படத்தில் அவள் கை பக்கவாட்டில் நீண்டு, யாருடைய தோளிலோ கிடப்பதுபோல் அந்தரத்தில் வளைந்திருந்தது. தோள் இல்லை.

திரும்ப மேலே வந்தாள். கதவைச் சாத்தினாள். வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம். அதற்கு நடுவில், வெறும் கட்டிலின் கம்பி கிரீச்சிட்டது, யாரோ புரண்டு உட்கார்ந்த மாதிரி. பார்த்தாள். யாருமில்லை. தூசிகூடக் கலையவில்லை.

தன் கட்டிலில் உட்கார்ந்து கணினியைத் திறந்தாள். கொசுறின் மின்னஞ்சல் முகவரியை அடித்தாள். இப்படி ஒருவர் இல்லை என்றது. திரும்ப அடித்தாள். இப்படி ஒருவர் இல்லை.

முதல் பக்கத்தில் வட்டத்துக்குள் அவளுடைய படம் நின்றது. பல் தெரியச் சிரித்த படம். இப்போது அதில் வாய் மூடியிருந்தது. பக்கத்தில் அந்தச் சின்ன அம்புக்குறி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேரை எடுத்துவிட்டுக் கொடுத்தால் தன் கையாலேயே போக வேண்டும். எடுக்காமல் கொடுத்தால் அடுத்தவர் கையால். கொடுக்கவே கூடாது. மூடியைச் சாத்தி, போர்வையில் சுற்றி, மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். கொசுறை நினைத்து அழக்கூட அவளுக்குப் பயமாக இருந்தது.

போன் அடித்தது. சத்தம் சார்.

“மணி ஆயிடுச்சேம்மா, இன்னும் காணோமே?”

“தர முடியாது சார். என் பேரை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தா ஆளே இல்லாமப் போயிடறாங்க சார்.”

அவர் சிரித்தார். “இத்தனை வருஷமாத் தர்றேன். அப்படின்னு ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லையேம்மா.”

எப்படி வந்து சொல்வார்கள்?

“நாளைக்கே கொண்டுவாங்க, பரவாயில்ல. காத்திருந்த பொண்ணுக்கு வேற மெஷின் குடுத்துட்டேன். எல்லாம் மேல கிளவுடுலதானே இருக்கு. அதுலயும் உங்க படம்தான் நிக்குதாம், எடுத்துடச் சொல்லிட்டேன்.”

“சார், வேண்டாம்—”

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. ஓடலாமா? நூலகம் வளாகத்தின் மறுகோடியில். ஒரு விரல் அழுத்த எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மாவுக்குப் போட்டாள்.

“சொல்லுடா கண்ணு. சாப்பிட்டியா? ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“அம்மா, பேசிட்டே இரும்மா. என்னைப் பத்தி ஏதாவது பேசிட்டே இரு.”

“என்ன ஆச்சு உனக்கு? சின்ன வயசுலயும் இப்படித்தான், இருட்டினா போதும், என் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு...”

நின்றது. பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அம்மா?”

“யாரும்மா நீங்க? யாருக்குப் போன் போட்டீங்க?”

கோபமான குரல் இல்லை. வேற்று மனிதரிடம் பேசுகிற மரியாதை.

“நான்தாம்மா. உன் பொண்ணு.”

“எங்களுக்குக் குழந்தைங்க கிடையாதும்மா. நம்பரைச் சரியாப் பாருங்க.”

போன் கையில் இல்லை. மடியில் கணினி இல்லை. போர்வை இல்லை. தொடையில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தாள். கம்பி வலை. அதன் மேல் தூசி. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலும் கலையாத தூசி.

கிரீச்.

நிமிர்ந்தாள். ஜன்னலோரக் கட்டிலில் கொசுறு உட்கார்ந்திருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்து மூடித் திறந்தது. குரல் கம்மிக் கிழிந்துபோயிருந்தது. மத்தியானத்திலிருந்து அவளைப் பேர் சொல்லிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளும் கத்தினாள்.

கதவு திறந்தது. வார்டன் எட்டிப் பார்த்தார். இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். “காலி ரூமுக்கு யாரு லைட் போட்டது?” என்று முணுமுணுத்தபடி விளக்கை அணைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போனார்.