ஆளில்லாத அறையில் ஐந்நூற்றுப் பத்து

கூட்ட அறையில் ஆளே இல்லை. மீட்டர் மட்டும் ஐந்நூற்றுப் பத்து காட்டியது. காலி அறையில் கரியமில வாயு, வெளிக்காற்றில் உள்ள நானூற்றிருபதிலேயே நிற்க வேண்டும்.

அலுவலகத்தில் எல்லோரும் மீட்டர்க்காரி என்று கூப்பிடும் அவள், நடைக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து போன் திரையில் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ஆட்கள் குடிவருமுன் உள்காற்றை அளந்து அறிக்கை தரவேண்டிய பசுமைக் கட்டடம், ஞாயிறு மதியம், புதுப் பெயின்ட்டும் பசையும் கலந்த வாசனை, திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள், கூரைக் குழாய்க்குள் காற்று இழுபடும் ஓசையைத் தவிர ஈ காக்கை இல்லை. கணவன் போனபின் வீட்டிலும் அப்படித்தான். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை வேலை என்றால் முதலில் கை தூக்குவாள்.

மேலாளரைக் கூப்பிட்டாள்.

“மறுபடியும் மூஞ்சிய அதுகிட்ட கொண்டுபோய் ஊதிட்டு வந்துட்டியா தாயே?”

“இல்ல சார். மாட்டிட்டு வெளிய வந்து ஒரு மணி நேரமாச்சு. கதவையும் சாத்திட்டேன்.”

“போன கட்டடத்துலயும் இதையேதான் சொன்ன. உன் மூச்சையே அளந்து ரிப்போர்ட் குடுத்து என் மானத்த வாங்கின. இன்னைக்கும் சொதப்பினா நாளைலேருந்து வராத. எதிர்ச்சுவர்ல மாத்தி வை. மூச்ச அடக்கிக்கிட்டு வை.”

இந்த வேலையும் போனால் வாரம் ஏழு நாளும் அந்த வீடுதான். எழுந்தாள்.

கதவைத் திறந்ததும், பலபேர் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததுபோல் ஒரு புழுக்கம் முகத்தில் அறைந்தது. நாற்காலிகள்கூட இன்னும் வந்திறங்கவில்லை. மூச்சை அடக்கியபடி மீட்டரைக் கழற்றி, எதிர்ச்சுவரில், உட்கார்ந்தவர் மூக்கு வரும் உயரத்தில் மாட்டினாள்.

எண்ணூறு.

ஆயிரம்.

போன் அடித்தது.

“ஏம்மா, மீட்டர் எண்ண நானும் இங்க என் போன்ல பாத்துக்கிட்டுதான் இருக்கேன். கூட யார கூட்டிட்டு வந்திருக்க?”

“யாருமில்ல சார்.”

“விளையாடாத. ஒத்த ஆளுக்கு இவ்வளவு ஏறாது. அஞ்சாறு பேராவது இருக்கீங்க.”

தொடர்பு அறுந்தது.

கதவு அந்தக் கோடியில். நடுவில் வெறும் தரை. அதைக் கடக்கக் கால் வரவில்லை. முதுகைச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பின்னால் யாரும் வர இடமில்லை. மூச்சை நிறுத்தினாள்.

ஆயிரத்து இருநூறு.

காது அடைத்தது. அதையும் மீறி ஓர் ஓசை. உள்ளே. வெளியே. உள்ளே. ஒன்றல்ல.

சட்டென்று எல்லாம் நின்றது. அவளைப் போலவே, அடக்கிக்கொண்டு.

பிறகு, சுவரோடு ஒட்டியிருந்த பிடரியில், வெதுவெதுப்பாக, மெல்ல, ஒரு மூச்சு பட்டது.