கடைசிப் பெயர்

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள் புவனா. பெங்களூர் ஓட்டலிலிருந்து செய்தி வந்திருந்தது. "அன்புள்ள எல்லப்பன், உங்கள் அறை உறுதி செய்யப்பட்டது. உங்கள் வருகைக்காகக் காத்திருக்கிறோம்."

எல்லப்பன் அவளுடைய மாமனார். ஆடி மாதம் இறந்துபோனவர்.

முதலில் சிரிப்புதான் வந்தது. தப்பு எங்கே என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. மத்தியானம் செல்போனில் அறை பதிவு செய்தபோது முதல் பெயர் கேட்டது. தணிகைவேல் என்று புருஷன் பெயரைப் போட்டாள். அடுத்து கடைசிப் பெயர் கேட்டது. நம் பக்கத்து ஜனங்களுக்குக் கடைசிப் பெயர் ஏது, அப்பன் பெயரின் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும், அவ்வளவுதானே. அந்த ஒற்றை எழுத்தைப் போட்டால் போதாது போதாது என்று சிவப்பாக எழுதிக் காட்டியது. சலித்துப்போய் இனிஷியலை விரித்து மாமனார் பெயரை முழுசாக அடித்தாள். கூட வருபவர் என்ற இடத்தில் தன் பெயர். இரண்டு பேர், ஓர் அறை, வருஷக் கடைசி சனியும் ஞாயிறும்.

சாயங்காலம் அரக்கோணத்தில் ரயில்வே வேலை முடிந்து வந்த தணிகைவேல் அதைப் படித்துவிட்டு, டீ புரையேறச் சிரித்தான்.

"செத்தவரு பேருல ரூம் போட்டுக்கினு வந்துகீறியே, கில்லாடிதான் நீ. அங்க போனா ஆதார் யாரு காட்டறது, நைனாவா?"

"பாவா, அது இனிஷியல். அவனுங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு போன் போட்டு மாத்திக்கலாம்."

"மாத்து மாத்து. அப்புறம் ஜன்னல் பக்கம் எனக்குத்தான் வேணும்னு சண்டைக்கு வந்துடப் போறாரு."

அவளும் சிரித்தாள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்த சத்தம் அது; சிரித்து முடித்ததும் இருவருக்குமே ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது.

ஒன்பது வருஷம். கல்யாணமாகி நான்காம் மாதம் மாமனாருக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்தது. அன்று பின்னறையில் இரும்புக் கட்டில் போட்டார்கள். கட்டிலுக்குக் கீழே, கூப்பிட்டால் எட்டுகிற தூரத்தில், புவனாவுக்குப் பாய். நாக்கு குழறிப்போன அவர் பேச்சு பெற்ற பிள்ளைக்கே விளங்காது, மருமகளுக்கு மட்டும் விளங்கும். படுக்கைப் புண்ணுக்கு மருந்து, அதன்மேல் பவுடர், அடியில் ரப்பர் ஷீட், விடிவதற்குள் மூன்று தடவை புரட்டிப் படுக்க வைப்பது. ஒரு நாள் முகம் சுளித்ததில்லை அவள். தப்பு என்று அவள்மேல் சொல்ல எதுவுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரியம் முடிந்த அன்று கட்டிலைக் கே.ஜி.கண்டிகையில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, புருஷன் பக்கத்தில் படுத்து, சூரியன் முகத்தில் அடிக்கும்வரை தூங்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

சாவு விழுந்த வீடு என்பதால் ஒரு வருஷம் மலைக்கோயில் படியை மிதிக்கக் கூடாது. வருஷக் கடைசியில் ஊரே படித்திருவிழாவுக்குப் படி ஏறும்போது நாம் மட்டும் வீட்டில் குந்தியிருப்பானேன் என்று தணிகைவேல்தான் பெங்களூர்ப் பேச்சை எடுத்தான். அவள் பிடித்துக்கொண்டாள். பஸ் நிலையத்து நடைபாதைக் கடையில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள்: அரக்கோணத்தில் காலை ரயில். மசால் தோசை. லால்பாக். கடைத்தெரு. ஞாயிற்றுக்கிழமை என்று எழுதி அதற்கு நேரே, எட்டு மணி வரை எழுந்திருக்கக் கூடாது. அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டாள். முப்பத்து நான்கு வயசில் அவள் கேட்டது அந்த இரண்டு நாள்தான்.

மறுநாள் ஓட்டலுக்குப் பேசினாள். வரவேற்பில் ஒரு பெண், தேன் தடவிய குரல்.

"பேர் மாத்தணும்னா யார் பேர்ல ரூம் இருக்கோ அவங்களே கூப்பிடணும் மேடம்."

"அவரு கூப்பிட முடியாதுங்க. தவறிட்டாரு."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. "சரி மேடம். குறிப்பு எழுதிக்கிட்டேன்."

நான்கு நாள் கழித்து, மார்கழி பிறந்து, மலைமேல் ஒலிபெருக்கி விடிகாலையிலேயே பாட ஆரம்பித்திருந்த சமயம். மத்தியான வெயில் முற்றத்தில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டில் யாரோ மிளகாய் வறுத்த காரம் தெருவெல்லாம் பரவி எல்லோரையும் தும்ம வைத்துக்கொண்டிருந்தது. ஓட்டல் பெண்ணே போனில் கூப்பிட்டாள்.

"மேடம், எல்லப்பன் சார் பேசினாங்க. அவங்க கேட்டதெல்லாம் ஒரு தடவை சரிபார்த்துக்கலாமா?"

"யாரு பேசினது?"

"சார்தான் மேடம். ரெண்டு மூணு தடவை சொல்லச் சொல்லித்தான் புரிஞ்சுது. கீழ்த்தள ரூம் கேட்டாங்க, படி ஏற முடியாதாமே. மெத்தைமேல ரப்பர் ஷீட் கேட்டாங்க. அப்புறம் கட்டிலுக்குப் பக்கத்துல தரையில உங்களுக்கு ஒரு விரிப்பு."

மிளகாய் நெடி மூக்கில் ஏறியிருந்தும் அவளுக்குத் தும்மல் வரவில்லை. அந்த நெடியைக் கிழித்துக்கொண்டு, பின்னறைப் பக்கமிருந்து, ஈரத்தோடு கலந்த பவுடர் வாசனை மெல்ல வந்து அவள் பக்கத்தில் நின்றது.

சாயங்காலம் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"விளையாடற விளையாட்டா இது? நைனா மாதிரி பேசினது நீதான?"

"இன்னா பேசினேன்?"

சொன்னாள். ரப்பர் ஷீட் என்றதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வற்றியது. வெகு நேரம் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பயந்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஒரு தபா கூட பெங்களூர் பாத்ததில்ல புவனா அவரு. கூட்டிகினு போறேன் போறேன்னு சொல்லிகினே இருந்தேன்."

"பாவா, அவரு இல்ல."

"ஆங். இல்லதான்" என்றான். குரலில் அந்த ‘இல்ல’ நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் ஸ்வெட்டரைத் தொடவில்லை. அவள் ரயில் நேரம் கேட்டால், "நீங்க பாத்துக்கோங்க" என்றான். நீங்க என்றால் யார் யார் என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் ஓட்டல் செய்தியைத் திறந்து பார்த்தாள். விருந்தினர்: எல்லப்பன். உடன் வரும் உதவியாள்: புவனா. தணிகைவேல் என்ற பெயர் எந்த வரியிலும் இல்லை. மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். மூடித் திறந்து பார்த்தாள். அறைப் படத்தில் வெள்ளை மெத்தையின் நடுவில், ஒல்லியான உடம்பு ஒன்று வெகு நாள் படுத்திருந்த அளவுக்கு, ஒரு பள்ளம். முன்பே இருந்ததா அது? அவளுக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நாளைக்குப் பயணம் என்கிற நிலையில், தணிகைவேல் வேலைக்குப் போனதும் முடிவு செய்தாள். பெங்களூரும் வேண்டாம், குளிரும் வேண்டாம். காலண்டர் தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். கிழிக்கும்போது அழுகை வந்தது. பிறகு ஓட்டலைக் கூப்பிட்டாள்.

"ரூம் வேணாங்க. ரத்து பண்ணிடுங்க."

"இப்ப எப்படி மேடம் முடியும்? சார் நேத்து சாயங்காலமே வந்துட்டாங்களே."

புவனா பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல்ல அவங்க பேசறது எங்களுக்குச் சரியா புரியல மேடம்" என்றாள் அந்தப் பெண், அதே தேன் குரலில். "இப்ப பழகிடுச்சு. நீங்க எப்ப வருவீங்கன்னுதான் கேட்டுட்டே இருக்காங்க. ராத்திரி பூரா."

"நான் வரமாட்டேன்னு சொல்லுங்க."

"மேடம்?"

"வரமாட்டேன். இனிமே என்னால ஆவாது. சொல்லுங்க அவருகிட்ட."

ஒன்பது வருஷத்தில் சொல்லாத சொல். அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினாள். பதிலுக்கு ஒரு சத்தம், சளி கட்டிய தொண்டையில் காற்று உருளுகிற சத்தம். வேறு யாருக்கும் விளங்காது. புவனாவுக்கு ஒவ்வோர் எழுத்தும் விளங்கியது. விளங்கியதை நம்பாமல் அந்தப் பெண் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"பரவாயில்லையாம் மேடம். நீங்க அலைய வேணாமாம். அவங்களே அங்க வந்துடறாங்களாம். கார் சொல்லச் சொன்னாங்க."

அதன் பிறகு அவள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

மணி பத்து. கோலார், முல்பாகல், சித்தூர் என்று கார் வரும் வழியை மனசு தானாக எண்ணியது. வாசல் கதவைத் தாழிட்டாள். கொல்லைக் கதவைத் தாழிட்டாள். புருஷனுக்குப் பன்னிரண்டு தடவை போன் செய்தாள். பதின்மூன்றாவது தடவை, மூன்று மணி தாண்டித்தான் எடுத்தான். பின்னால் ரயில் ஓடும் இரைச்சல்.

"வந்துகினுதான் இருக்கேன். லீவு சொல்லிட்டேன்."

"எதுக்கு பாவா லீவு? நான் எதுவும் சொல்லலையே."

"நைனா பேசினாரு" என்றான். வைத்துவிட்டான்.

நான்கு மணிக்கு வந்தான். குளித்தான். சவரம் செய்துகொண்டு வெள்ளை வேட்டி கட்டினான். பின்னறையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்தான். எல்லாவற்றையும் மெதுவாக, பண்டிகைக்குச் செய்வது போலச் செய்தான். அவள் அவன் பின்னாலேயே நடந்தாள்.

"பாவா, எங்கனா போயிடலாம். கனகம்மாசத்திரத்துல என் அக்கா வூடு கீது. இப்பவே."

"பெரியவரு வர்ற நேரத்துலயா?"

"அவரு பெரியவரு இல்ல. அவரு செத்துட்டாரு."

"சத்தமா பேசாத. காதுல வுழும்."

ஐந்தரைக்கு வெளிச்சம் சுருங்கத் தொடங்கியது. மார்கழிப் பனி மலைமேலிருந்து புகை மாதிரி இறங்கித் தெருவிளக்கைச் சுற்றிக்கொண்டது. பஜனைக் கூட்டம் ஒன்று தெருமுனையில் ஜால்ரா தட்டிக்கொண்டு படிக்கட்டைப் பார்த்துப் போனது. இத்தனை ஜனம். கத்தினால் பத்துப் பேர் வருவார்கள். கத்தி என்ன சொல்வது? மாமனார் வருகிறார் என்றா?

தணிகைவேல் தாழைத் திறந்தான். அவள் கையைப் பிடித்தாள். மெதுவாக விலக்கினான். கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்தான்.

ஆட்டோ சத்தம்.

தெருவில் திரும்பியது. தயங்கியது. ஒவ்வொரு வீடாகப் பார்த்து வந்தது. நின்றது.

"அம்மா" என்றான் ஆட்டோக்காரன், பஸ் நிலையத்தில் தினமும் நிற்கிறவன். "கூட்டத்துல கார் உள்ள வர முடியல, நான் ஏத்திகினு வந்தேன். பெரியவர இறக்கணும். ஒரு கை குடுங்க."

அவள் நகரவில்லை.

"கனமே இல்லம்மா, நானே தூக்கிடுவேன். உங்களத்தான் கேக்கறாரு."

பக்கத்து வீட்டு ஜெயம்மாள் என்ன என்று பார்க்க வெளியே வந்தாள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், வழியில் கிடந்த பேரனின் சைக்கிளை ஓரமாக எடுத்து வைத்தாள்.

போகக் கூடாது என்று புவனா நினைத்தாள். நினைத்துக்கொண்டே படியிறங்கினாள். கால் தானாக இறங்கியது. ஆட்டோவுக்குள் இருட்டு. ஈரம். பவுடர். சீட்டில் ஒரு பள்ளம். வேறு ஒன்றும் இல்லை. அவள் வலது கை உள்ளே போனது. எந்த உயரத்தில் அக்குள் இருக்கும், எங்கே முட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும், அந்தக் கைக்குத் தெரியும். அவளைக் கேட்கவில்லை.

கை காலியாகப் போனது.

நிறைந்து வந்தது.

குளிர். எலும்பு. தோளில் ஒரு முகவாய் வந்து உட்கார்ந்தது. காதோரம் மூச்சு, தொண்டையில் உருண்டு, நின்று, மறுபடி உருண்டது. அவள் நிமிர்ந்தாள். எடை நிமிர்ந்தது. ஒரு அடி வைத்தாள். கூட ஓர் அடி இழுபட்டது.

வாசலில் வெள்ளை வேட்டியோடு தணிகைவேல். கை கூப்பியிருந்தான். அழுதுகொண்டே சிரித்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை, அவள் தோளைப் பார்த்தான்.

"பாவா" என்றாள்.

வழிவிட்டு அவன் ஒதுங்கி நின்றான். ஐந்து விரல் அவள் பின்னங்கழுத்தில் ஊர்ந்து, கொண்டைக்குள் புகுந்து, தாயின் முடியைப் பிள்ளை பற்றுவதுபோல இறுகப் பற்றிக்கொண்டது. பஜனைச் சத்தம் மலைமேல் ஏறிப் போய்விட்டிருந்தது. வெறும் தெருவில், மண்ணில் ஒரு கால் இழுபடும் சத்தம் மட்டும், அவளோடு சேர்ந்து, ஒவ்வொரு படியாக வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.