ஐந்து கம்ப்யூட்டரில் வராத தமிழ்

கம்ப்யூட்டரை நான் நம்புகிறதில்லை. வேன் நின்றுபோனால் கோளாறு எங்கே என்று தொட்டுப் பார்க்கலாம். இதில் எதைத் தொடுவது?

அன்று சனிக்கிழமை. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி வாசலில் என் வேன் நின்றது. பத்து கம்ப்யூட்டரை ஏற்றிப் போய் அரியாங்குப்பம் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். காலையில் கிளம்ப வேண்டியது, மத்தியானம் ஆகியும் கிளம்பவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தேன். மென்பொருள் எழுதுகிற விஜயராகவன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாலா. 'உதவி' என்று அழுத்தினால் வருகிற பாடங்களையெல்லாம் தமிழில் எழுதியவள் அவள்தான். அவள் மகள் அபியும் கூட இருந்தாள். அந்த அரியாங்குப்பம் பள்ளியில்தான் அவள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

உதவிப் பாடங்கள் கம்ப்யூட்டருக்குள் மூலைக்கு ஒன்றாகக் கிடக்குமாம். அவற்றைத் தேடி எடுத்து ஒரே பட்டியலாகப் போட, விஜயராகவன் புதிதாக ஒரு மென்பொருளைச் சேர்த்திருக்கிறான். ஓடுகிற வண்டியில் கை வைத்தால் இப்படித்தான். ஐந்து கம்ப்யூட்டரில் தமிழ் வந்தது. மற்ற ஐந்தில், திரையில் உதவியைக் காட்டும் ஜன்னல் பழைய ரகம். அதில் வெறும் வெள்ளைப் பக்கம்.

முதலாளி சக்கரபாணி எட்டிப் பார்த்தார். மூன்று மணிக்குள் சரியாகாவிட்டால் தமிழை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் இங்கிலீஷ் பாடத்தோடு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். அபிக்கு முகம் சுண்டிப்போனது.

"எங்க சாருக்கே இங்கிலீஷ்ல இருந்தா புரியாதுண்ணா," என்றாள் விஜயராகவனிடம்.

"பட்டியல் இருக்கு அபி. இந்தப் பழைய ஜன்னல்தான் அதைப் பாக்க மாட்டேங்குது. காலையிலேர்ந்து அத மாத்தத்தான் பாக்குறேன்."

"இப்ப அது எங்க பாக்குது?"

"பழைய பட்டியல் இருந்த எடத்துல. அதைத்தான் அழிச்சிட்டனே."

அபி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க தெருவுல வீட்டு நம்பர மாத்துனாங்க. தபால்காரரு பழைய நம்பரத் தேடி அலைஞ்சாரு. அப்புறம் அம்மா கதவுல ரெண்டையும் எழுதிட்டாங்க, பழைய எண், புதிய எண்னு. நீங்களும் ரெண்டு எடத்துலயும் வெச்சிடுங்களேன்."

விஜயராகவன் அவளையே பார்த்தான். பிறகு தட்டத் தொடங்கினான். புதுப் பட்டியலைப் போடும்போதே, பழைய இடத்தில் பழைய முறையிலும் ஒன்றைப் போட வைத்தானாம்.

முதல் தடவையும் வெள்ளைப் பக்கம்தான். நான் திட்ட வாயைத் திறந்தேன். அபி என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். மூடிக்கொண்டேன்.

அடுத்த தடவை மாலாவின் தமிழ் வந்தது. ஐந்திலும் வந்தது.

அபியும் வேனில் ஏறிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அவளுடைய நாராயணசாமி சார் காத்திருந்தார். ஒரு கம்ப்யூட்டரை எடுத்து வைத்ததும் மவுஸைத் தேளைத் தொடுவது போலத் தொட்டார். அபி 'உதவி' எங்கே என்று காட்டினாள்.

"பயப்பட வேண்டாம். தவறாக அழுத்தினாலும் இது உடைந்துவிடாது," என்று திரையில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினேன்.

"இருங்க பெரியவரே. இந்தப் பக்கத்த முடிச்சிடறேன்," என்றார்.

அதை முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். நான் வாசற்படியில் போய் உட்கார்ந்தேன்.