வலது மேல் மூலை

காலையில் குளியலறைக்குள் நுழைவதற்குள் வேதவல்லி மூன்று பக்கங்களை மூடியிருந்தாள். கதவில் ஒரு பற்பசை விளம்பரம், அதன்மேல் குடியேற்றத்தின் புதிய விதிகளுக்கு ஒப்புதல், அதற்கும் மேலே ‘உங்களுக்காக ஒரு பரிசு’. செவ்வாய்க் கிரகத்தில் கதவு, சுவர், சமையல் மேடை எல்லாமே தொட்டால் இயங்கும் திரைத்தாள்தான். எந்தப் பக்கம் வந்தாலும் வலது மேல் மூலையில் பெருக்கல் குறி இருக்கும். அதைத் தொட்டு மூடினால்தான் கதவு திறக்கும். அங்கே பிறக்கும் குழந்தைகள் தாய்ப்பாலுக்கு முன்பே அந்த மூலையைத் தேடுவதாகக் கேலி உண்டு.

போன மாதத்திலிருந்து யாரும் அந்தக் கேலியைச் சொல்வதில்லை. கிழக்குத் தொகுதியில் காற்று கசிந்தது. எச்சரிக்கை எல்லா வீட்டுத் திரையிலும் வந்தது, எல்லோரும் படிக்காமலே மூடிவிட்டார்கள். ஒரு குடும்பமே போய்விட்டது. அபாய மணியைக் குடியிருப்போர் சங்கம் எப்போதோ நிறுத்தியிருந்தது; தூக்கம் கெடுகிறதாம்.

மக்கள் மூடாமல் படிக்கும்படி ஓர் எச்சரிக்கைப் பக்கத்தை வடிவமைக்கும் பொறுப்பு துறையின் பக்க வடிவமைப்பாளரான வேதவல்லியின் தலையில் விழுந்தது. பூமியின் பழைய இணையதளங்களை வைத்திருக்கும் களஞ்சியத்தில் துழாவியபோது, தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் கடை ஒன்றின் தளம் கிடைத்தது. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து. கடை எங்கே, எப்போது திறந்திருக்கும், யாரைக் கூப்பிட வேண்டும். படித்து முடிக்கும்வரை குறுக்கே எதுவும் வரவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே மாதிரி செய்தாள். ‘காற்று கசிகிறது’ என்று பெரிதாக ஒரு வரி. கீழே இன்னொன்று: கசிவு வீட்டுக்குள் என்றால் ‘உடனே வெளியே ஓடுங்கள்’, வெளியே நடைக்கூடத்தில் என்றால் ‘கதவைத் திறக்காதீர்கள்’. பெருக்கல் குறி வைக்கவில்லை.

சோதனைக்கு வந்த முதல் ஆள் மூலையைத் தடவிப் பார்த்தார். “ஹேங் ஆகிப்போச்சும்மா” என்று கதவுத் திரையை அணைத்து மறுபடி போட்டார். அடுத்து வந்த பெண், “கலரே இல்ல. எவனோ ஏமாத்துக்காரன் போட்டிருக்கான்” என்று விலகிப் போனாள்.

துறைத் தலைவர் ஜெரால்டு பொறுமையாகச் சொன்னார். “குறியை வச்சிருங்க வேதா. மூடிட்டா படிச்சதா எடுத்துக்கலாம். திரும்பக் காட்ட வேண்டாம், எரிச்சல்படுவாங்க.”

“படிக்காமலே மூடுவாங்க சார்.”

“அது அவங்க பாடு. நம்ம மேல குத்தம் வராது.”

வைத்தாள். வேறென்ன செய்ய முடியும்? பக்கம் அன்றே எல்லா வீடுகளுக்கும் போனது. வீட்டுக்கு வந்து கணவன் சுடலைமுத்துவிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னாள். “என் பக்கம் வந்தா மட்டும் மூடாம படிங்க.”

“நீ எழுதுனத நான் படிக்காம வேற யாரு படிப்பா?” என்று அவன் சிரித்தான்.

அன்று மாலை கூடத்துச் சுவரில் களஞ்சியத்திலிருந்து அந்த மோட்டார் கடைத் தளத்தின் பிற்கால வடிவத்தைத் திறந்தாள். எழுத்து தெரியவில்லை. ‘உங்கள் தகவல்களைச் சேமிக்கச் சம்மதமா?’ என்று ஒரு திரை. மூடினாள். ‘எங்கள் செயலியைத் தரவிறக்குங்கள்.’ மூடினாள். ‘போவதற்கு முன் ஒரு சலுகை.’ இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர்களே இந்த மகராசர்கள்தான் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அதையும் மூடினாள், அதன்பின் வந்ததையும் மூடினாள்.

கடைசியாக வந்தது வெள்ளையாக இருந்தது. விரலை எடுத்த பிறகுதான் அது உறைத்தது.

எந்தப் பக்கமென்று பிடிபடாத மெல்லிய சீறல் கேட்டது. சமையலறையிலிருந்து சுடலைமுத்து வந்தான்.

“வேதா, ஏதோ சத்தம் கேக்கு. உன் பக்கம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்ன போட்டிருந்துச்சு? ஓடணுமா, இருக்கணுமா?”

அவன் வாசல் கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். அவள் சுவரை இரண்டு கையாலும் தட்டினாள். சுவர் பளிச்சென்று விழித்துக்கொண்டது.

‘நீங்கள் சற்றுமுன் படித்த எச்சரிக்கை பயனுள்ளதாக இருந்ததா?’